எடைச்சீட்டில் எழுதியிருந்த பலன்

2019-இல் ஒரு பந்தயத்தில் ஜெயித்தேன். எப்படி ஜெயித்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் நான் திட்டப்போகிற காரியங்களில் பாதியை நானே செய்திருக்கிறேன் என்பது முதலிலேயே தெரிந்துவிடட்டும்.

சென்னையில் ஒரு ஜிம். அறுபது நாள் சேலஞ்ச். முதல் நாள் எடை, கடைசி நாள் எடை. யாருக்கு அதிகக் கிலோ குறைகிறதோ அவருக்கு ஐயாயிரம் ரூபாயும் ஒரு எலெக்ட்ரானிக் எடை மெஷினும் பரிசு. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை. இருபத்திரண்டு பேர் பெயர், பக்கத்தில் வாராவாரம் சிவப்பு மார்க்கரில் எடை.

கடைசி வாரம் நான் இரண்டாம் இடத்தில் இருந்தேன். மூன்று நாள் சோறு, சப்பாத்தி எதையும் தொடவில்லை. உப்பை அறவே விட்டேன். கடைசி ஒன்றரை நாள் தண்ணீரும் வாயை நனைக்கிற அளவுக்குத்தான். அன்று காலை மாடிப்படி இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மெஷின்மேல் ஏறி நின்றேன். 800 கிராம் வித்தியாசத்தில் முதல் பரிசு. எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். நாலாம் நாள், பரிசாக வந்த அதே மெஷினில் ஏறிப் பார்த்தால் 2.3 கிலோ திரும்பி வந்திருந்தது. இதில் திறமை ஒன்றும் இல்லை, முட்டாள்தனம்தான். மயங்கி விழுந்து மண்டை உடையாமல் போனது என் அதிர்ஷ்டம்.

அதே பலகையின் கடைசி வரியில் ஒரு அக்கா இருந்தார். வங்கியில் வேலை, நாற்பதைத் தாண்டியவர். ஒரு நாள் தவறாமல் வந்து எங்கள் எல்லாரையும்விட அதிக பாரம் தூக்கியவர். அறுபது நாளில் அவருக்குக் குறைந்தது 1.1 கிலோ. அந்த அறுபது நாளில் அவர் தன் ஜாக்கெட்டுகளை இரண்டு முறை பிடித்துத் தைத்திருந்தார். உடை மாற்றுகிற அறையில் அவரே காட்டினார். "எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சுப்பா, ஆனா மெஷின்ல ஒண்ணையும் காணோம். நம்ம உடம்பு வாகே இப்படிதான் போல" என்றார். மாஸ்டரிடமும் போய்க் கேட்டார். மாஸ்டர் பலகையைக் காட்டிச் சொன்னார்: "நம்பர் பொய் சொல்லாதுக்கா. டயட்ல எங்கேயோ சீட் பண்றீங்க."

அடுத்த வாரம் அந்த அக்கா வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. நம்பர் பொய் சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது பதிலும் சொல்லவில்லை. நாம் கேட்டது, "என் கொழுப்பு குறைந்ததா?" அது சொன்னது, "இந்த நிமிஷம் என்மேல் இவ்வளவு பாரம் இருக்கிறது." இரண்டும் ஒன்றுதான் என்று நம்புவதற்குப் பெயர் அறிவியல் இல்லை, மூடநம்பிக்கை. அந்த மூடநம்பிக்கையில் ஒரு வியாபாரம் ஓடுகிறது. அது அந்த அக்காவை வீட்டுக்கு அனுப்பியது, எனக்குப் பரிசு கொடுத்தது.

*

மெஷின்மேல் ஏறி நிற்பது யார்? எலும்பு, தசை, கொழுப்பு, ரத்தம், ஈரல். குடலில் பாதி செரித்த நேற்றைய சாம்பார் சாதம். சிறுநீர்ப்பையில் நிறைந்திருப்பது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர்: வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய பாதி, பலருக்கு அதற்கும் மேல். இத்தனையும் சேர்ந்த கூட்டுத்தொகைதான் அந்த எண். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து எந்தக் கணக்கில் வரவு, எந்தக் கணக்கில் செலவு என்று சொல்ல முடியுமா? மளிகைக்கடை அண்ணாச்சிகூட அப்படிச் சொல்ல மாட்டார்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்த சாந்தோரியோ (1561–1636) ஒரு பெரிய துலாக்கோலில் நாற்காலியைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து தன் எடையைப் பார்த்தவர். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய முப்பது வருடம். தின்றது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தார். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு உதைத்தது. போனதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல், மூச்சிலும் தோலிலுமாக ஆவியாகிப் போகிறது என்ற முடிவுக்கு வந்து 1614-இல் புத்தகமாகவே எழுதினார். மனுஷனின் எடை நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பது நானூறு வருடத்துக்கு முந்தைய செய்தி. அது நம் ஜிம் பலகைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஒருவர் ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காக உழைத்து, தினமும் 500 கலோரி பற்றாக்குறை வைக்கிறார் என்று வையுங்கள். அதுவே நல்ல உழைப்பு. அதனால் ஒரு நாளில் கரைகிற கொழுப்பு எவ்வளவு? 500-ஐ 7,700-ஆல் வகுத்தால் சுமார் 65 கிராம்.

அறுபத்தைந்து கிராம். வீட்டில் இருக்கும் பல மெஷின்கள் 100 கிராமுக்குக் குறைந்த மாற்றத்தைக் காட்டவே காட்டாது. ஒரு டம்ளர் தண்ணீர் 200 கிராம். அதாவது நீங்கள் மூன்று நாள் பாடுபட்டுக் கரைத்த கொழுப்பை, மெஷின்மேல் ஏறும் முன் குடித்த ஒரு டம்ளர் தண்ணீர் மறைத்துவிடும். காலையில் ஒருதரம், ராத்திரி ஒருதரம் ஏறிப் பார்த்து "ஐயோ, ஒரு கிலோ ஏறிட்டேனே" என்று அலறுகிறவர்கள் உண்மையில் பார்ப்பது சாப்பாட்டையும் தண்ணீரையும்தான். கொழுப்பு அந்தச் சத்தத்தில் காதிலேயே விழாது.

*

"பத்தே நாளில் ஐந்து கிலோ" என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆட்டோவின் பின்னால், மின்கம்பத்தில், இன்ஸ்டாவில். ஐந்து கிலோ கொழுப்பு என்றால் 38,500 கலோரி. பத்து நாளில் என்றால் ஒரு நாளைக்கு 3,850. உட்கார்ந்து வேலை பார்க்கிற நடுத்தர உயரப் பெண்ணின் உடம்பு, மூச்சு விடுவதில் இருந்து பஸ் பிடிக்க ஓடுவது வரை ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பதே 1,800, 2,000 கலோரிதான். அவர் பத்து நாளும் ஒரு பருக்கை சாப்பிடாமல் கிடந்தாலும் ஐந்து கிலோ கொழுப்பு கரையாது. ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு இது. ஆனால் விளம்பரம் சொல்வது முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. அதில் "எடை" என்றுதான் இருக்கிறது, "கொழுப்பு" என்று இல்லை. எடை நிஜமாகவே குறையும்.

எப்படிக் குறைகிறது? நாம் தின்னும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. மொத்தம் 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். சோறு, இட்லி, சப்பாத்தியை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இந்தச் சேமிப்பு பெருமளவு காலி, கூடவே அதன் தண்ணீரும். ஒன்றரை இரண்டு கிலோ அங்கேயே போயிற்று. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும். சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும். உப்போடு தண்ணீரும் போகும். குறைவாகச் சாப்பிடுவதால் குடலில் இருக்கும் பாரமும் குறைவு. முதல் வாரம் மூன்று கிலோ! பேலியோ, கீட்டோ, ஜூஸ் டயட், எந்தப் பெயர் வைத்தாலும் முதல் வார அதிசயம் இதுதான். பணம் கட்டுகிற வாரமும் அதுதான் என்பது தற்செயல் இல்லை.

பேலியோவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதைப் பல மாதம் கடைப்பிடித்து நிஜமாகவே கொழுப்பைக் குறைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். முதல் வாரத்துத் தண்ணீரைக் கொழுப்பு என்று விற்பதைத்தான் சொல்கிறேன். அந்தப் பொய்யின் தண்டனை மூன்றாம் வாரத்தில் வருகிறது. ஒரு கல்யாணத்துக்குப் போகிறீர்கள். இலையில் சோறு, பாயசம், அப்பளம், ஊறுகாய். மறுநாள் மெஷினில் இரண்டு கிலோ கூடுதல். "எல்லாம் போச்சு, இனிமே எதுக்கு" என்று அன்றைக்கே டயட்டை விட்டவர்கள் எத்தனை பேர்! ஒரே ராத்திரியில் இரண்டு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் உடம்பின் தேவைக்கு மேல் 15,400 கலோரி தின்றிருக்க வேண்டும். ஒரு சாதா தோசைக்கு 150 கலோரி என்று வைத்தால் நூறு தோசைக்கு மேல். நீங்கள் தின்றீர்களா? வந்தது கிளைக்கோஜனும் உப்பும் அவற்றோடு வந்த தண்ணீரும். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள், லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு. உடம்பும் கிட்டத்தட்ட அந்த விகிதத்தைத்தான் காப்பாற்றப் பார்க்கிறது. கூடுதலாக உள்ளே போன உப்பை வெளியேற்றி முடிக்கும்வரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் தானே இறங்கிவிடும். இறங்குவதற்குள் நாம் தோற்றுவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறோம்.

வியர்வை பெல்ட் இன்னொரு கூத்து. வயிற்றில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓடி, சட்டையைப் பிழிந்து காட்டி "பாருங்க, கொழுப்பு உருகுது" என்பார்கள். கொழுப்பு மெழுகுவத்தி இல்லை. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் எளிய வேதியியல் கணக்கொன்றை வெளியிட்டார்கள். பத்து கிலோ கொழுப்பு உடம்பில் எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. கரைகிற கொழுப்பில் பெரும்பகுதி மூக்கு வழியாகத்தான் வெளியேறுகிறது. சத்தமில்லாமல், மணமில்லாமல், பிழிந்து காட்ட ஒன்றுமில்லாமல். விளம்பரத்துக்கு உதவாத மெதுவான காரியம் அது.

*

சரி, அந்த அக்காவுக்கு என்ன நடந்தது?

மூன்று வாரத்தில் 65 கிராம் வீதம் கரைந்தால் ஏறக்குறைய 1.4 கிலோ கொழுப்பு. அதை மறைக்க ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும். பழக்கமில்லாத உடம்பு புதிதாகப் பாரம் தூக்க ஆரம்பித்தால் தசையில் நுண்ணிய காயங்கள் உண்டாகும், அவற்றை ஆற்ற நீர் சேரும். பயிற்சி பெற்ற தசை முன்பைவிட அதிகக் கிளைக்கோஜனை வைத்துக்கொள்ளும், அதற்கும் நீர். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு உடம்பில் நீர் கூடும். ஆண்கள் எழுதிவைத்த வாராந்திரப் பலகையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. இதற்கெல்லாம் மேலாக, புதிதாகப் பாரம் தூக்குகிறவருக்குக் கொழுப்பு குறையும்போதே தசை கூடவும் செய்யும். கொழுப்பு தசையாக "மாறாது", அது வேறு இது வேறு. ஒன்று போகிறது, இன்னொன்று வருகிறது. தசை கொழுப்பைவிட அடர்த்தியானது. அதே எடைக்குக் குறைந்த இடத்தை அடைக்கும். அதனால்தான் மெஷின் அசையாமல் நிற்க ஜாக்கெட் தொளதொளக்கிறது. இரண்டு முறை பிடித்துத் தைத்த ஜாக்கெட்டுக்கு வேறு விளக்கம் கிடையாது. அந்த இருபத்திரண்டு பேரில் உண்மையான வெற்றி அவருடையதாகத்தான் இருந்திருக்கும்.

நீர் மறைப்பதற்கு ஒரு கொடூரமான சான்று சரித்திரத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944–45-இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிப் பரிசோதனை. போருக்குப் போக மனசாட்சி இடம்கொடுக்காத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி. உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு போனது. கொழுப்பும் தசையும் கரைந்து எலும்பு தெரிந்த அந்த உடம்புகளில் கணுக்காலும் முகமும் வீங்கின. நீர்! நிஜமாக அவர்கள் இழந்த சதை மெஷின் காட்டியதைவிட அதிகம். கீஸ் எடையோடு நிறுத்திக்கொள்ளாமல் மற்றதையும் அளந்ததால் அது தெரியவந்தது.

மாஸ்டருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் "தெரியலக்கா" என்று சொல்லவில்லை, "சீட் பண்றீங்க" என்றார். அதுதான் என் கோபம். நம் மொழியிலேயே இதற்கு விதை இருக்கிறது. "என்ன கொழுப்பு உனக்கு!" என்றால் திமிர் என்று பொருள். கொழுப்பை முதலிலேயே ஒரு குணக்கேடாக வைத்துவிட்டோம். அதனால் எண் இறங்கவில்லை என்றால் அது உடற்கூறு பற்றிய கேள்வியாக நமக்குத் தோன்றுவதில்லை, ஒழுக்கம் பற்றிய தீர்ப்பாகத் தோன்றுகிறது.

*

இதுவரை சொன்னது, கொழுப்பு குறைந்தும் எடை குறையாத கதை. இதற்குத் தலைகீழான கதை ஒன்று எங்கள் வீட்டில் நடந்தது. எனக்கு அதுதான் முக்கியம்.

ரயில் நிலையங்களிலும் தியேட்டர்களிலும் முன்பு ஆளுயர எடை மெஷின்கள் நிற்கும். சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் மினுக்கும், வட்டத்தகடு சுற்றும். காசு போட்டால் 'டக்'கென்று ஒரு சின்ன அட்டைச் சீட்டு விழும். அதில் எடை, கூடவே ஒரு வரி பலன். 2003-இல் திருச்சி ஜங்ஷனில் அப்பா அப்படி ஒரு சீட்டு எடுத்தார். 56 கிலோ. அதற்கு மூன்று மாதம் முன்னால் அவர் 62. அப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். ஊரிலும் எல்லாரும் கேட்டார்கள்: "என்ன சார், நல்லா இளைச்சிருக்கீங்களே, வாக்கிங் போறீங்களா?" அந்தச் சீட்டில் என்ன பலன் எழுதியிருந்தது என்று நினைவில்லை. நல்ல பலனாகத்தான் இருந்திருக்கும். கெட்ட பலன் அச்சடித்த சீட்டை நான் பார்த்ததே இல்லை.

அப்பா வாக்கிங் எதுவும் போகவில்லை. ராத்திரியில் நாலு தடவை எழுந்து போனார், சொம்புத் தண்ணீரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். இரண்டு மாதம் கழித்துக் காலில் ஒரு புண் ஆறாமல் போனபோதுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை. அந்த ஆறு கிலோவும், இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பு சர்க்கரையைச் சிறுநீரில் கொட்டிக்கொண்டு, தன் சதையையே தின்றுகொண்டு குறைந்த கிலோ. அதைத்தான் நாங்கள் எல்லாரும் வாழ்த்தினோம்.

அதற்கு முன்பு அப்பாவை யாரும் குண்டு என்று சொன்னதில்லை. ஐந்தரை அடி உயரத்துக்கு 62 கிலோ. பிஎம்ஐ 23-க்குள்தான். "உங்களுக்கென்ன சார், ஒல்லியான உடம்பு" என்பார்கள். ஆனால் எங்கள் ஊர் டெய்லரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அதில் அப்பாவின் பேன்ட் அளவுகள் வருடவாரியாக இருந்தன. கல்யாணத்துக்குத் தைத்தது இடுப்பு 28. பிறகு 30. பிறகு 32. கடைசியாக 34, அதையும் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் கட்டுவார். கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் பானை மாதிரி. எடை மெஷின் இருபது வருடம் பேசாமல் இருந்தபோது அந்த நோட்டுதான் உண்மையை எழுதிக்கொண்டிருந்தது. அதை எந்த மருத்துவரும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2004-இல் லான்செட் இதழில் ஒரு பக்கக் குறிப்பு வந்தது. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின், இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடையும் உயரமும் ஒரே கதையைச் சொல்ல, உள்ளே இரண்டு வேறு உடம்புகள். யாஜ்னிக் குழுவின் இன்னொரு ஆய்வு பிறந்த குழந்தைகளைப் பார்த்தது. புனே கிராமத்துக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகவும் கொழுப்போடும் ஒரே சமயத்தில் பிறக்கிறோம்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. பிஎம்ஐ கணக்கில் உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். இடுப்புச் சுற்றளவுக் கணக்கில் 39.5 சதவீதம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பத்துச் சொச்சம் சதவீதத்தில் எத்தனை அப்பாக்கள்!

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. 1942-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே தொழில்முறைக் கால்பந்து வீரர்களைத் தண்ணீருக்கடியில் எடைபோட்டுப் பார்த்தார். உயர-எடை அட்டவணைப்படி அவர்களில் பெரும்பாலோர் ராணுவத்துக்கு லாயக்கில்லாத குண்டர்கள். நிஜத்தில் கொழுப்பு குறைந்த, தசை நிறைந்த உடம்புக்காரர்கள். எண்பது வருடத்துக்கு முன்பே முடிந்துபோன வழக்கு இது. நாம் இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

*

"அப்போ மெஷினைத் தூக்கி வெளியே போட்ருவோமா?" என்று கேட்கலாம். இன்ஸ்டாவில் அப்படிச் சொல்கிற அணி ஒன்று இருக்கிறது. எடை வெறும் எண், அதற்கு அர்த்தமே இல்லை என்பார்கள். அவர்களோடும் நான் சேர மாட்டேன். நூறு கிலோவில் இருக்கும் ஒருவருக்கு எட்டு மாதத்தில் பதினைந்து கிலோ நிதானமாகக் குறைந்தால் அதில் பெரும்பகுதி கொழுப்பாகத்தான் இருக்கும். நீண்ட காலத்தில் மெஷின் உருப்படியான சாட்சி. ஒரு நாள், ஒரு வாரத்தில்தான் அது உளறுகிறது. காலையில் எழுந்து கழிவறை போய்விட்டு, சாப்பிடும் முன் பாருங்கள். ஏழு நாள் எடையைக் கூட்டிச் சராசரி எடுங்கள். இந்த மாதச் சராசரியைப் போன மாதச் சராசரியோடு ஒப்பிடுங்கள். பெண்கள் மாதவிலக்குச் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். அவ்வளவுதான். தினசரி எண்ணைப் பார்த்துக் கை கால் பதறுகிறவர் என்றால் பார்க்காமலே இருப்பது நல்லது.

"எங்க ஜிம்ல கொழுப்பு சதவீதமே சொல்ற மெஷின் வந்துடுச்சே" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. காலிலோ கையிலோ சின்ன மின்சாரம் அனுப்பி, உடம்பில் உள்ள நீர் அதை எப்படிக் கடத்துகிறது என்று பார்த்து, வயது, உயரம், பாலினம் எல்லாம் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு மதிப்பிடுகிறது. நீர் குறைந்தால் கொழுப்பு அதிகம் என்று காட்டும். நான் பரிசு வாங்கிய அன்று காலை அதன்மேல் ஏறியிருந்தால் எனக்குக் கொழுப்பு கூடிவிட்டது என்றிருக்கும்!

இப்போது ஊசி வந்துவிட்டது. 2025-இல் மவுஞ்சாரோவும் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தபின் எடை கிடுகிடுவென்று இறங்குகிற கதைகளைக் கேட்கிறோம். தேவைப்படுகிறவர்களுக்கு அவை பெரிய உதவி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எந்த வழியில் வேகமாக எடை குறைந்தாலும் போவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் சேர்ந்துதான். பிறக்கும்போதே தசை குறைந்த நமக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. "எத்தனை கிலோ போச்சு?" என்று மட்டும் கேட்கிற ஊரில் "என்ன போச்சு?" என்று கேட்க ஆள் இருக்காது.

இன்ச் டேப் இருபது ரூபாய்தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ.; அதைத் தாண்டினால் எடை என்னவாக இருந்தாலும் கவனிக்க வேண்டும். அதோடு இன்னொன்று. முயற்சி எதுவும் செய்யாமல் ஒருவர் இளைத்திருந்தால் தயவுசெய்து வாழ்த்தாதீர்கள். சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கு இது தெரியாததும் இல்லை. சங்கக் கவிதைத் தலைவி மெலிந்ததை யாரும் தராசில் நிறுத்துப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் வளையல் கழன்று விழுந்தது, தோழி பார்த்துவிட்டாள். "சதை போட்டிருக்கே", "கன்னம் ஒட்டிப்போச்சே", "சட்டை தொங்குதே" என்று இன்றைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் உடம்பை வடிவமாகத்தான் பார்க்கிறார்கள், எண்ணாக இல்லை. அது சில நேரம் புண்படுத்தும் பேச்சு. ஆனால் அளவுகோல் என்ற வகையில் எங்கள் ஜிம் பலகையைவிட மேல்.

பரிசு வாங்கிய மெஷின் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அப்பா இருந்தவரை மாதம் ஒருமுறை அதில் ஏறிப் பார்ப்பார். இறங்கியதும் டேப்பை எடுத்து நான் அவர் வயிற்றை அளந்து, இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுவேன். டெய்லர் எழுதிய மாதிரியே. அந்த வங்கி அக்கா இதைப் படிப்பாரா தெரியாது. படித்தால் ஒன்று சொல்ல வேண்டும்: அக்கா, அன்றைக்கு உங்களிடம் அந்தப் பரிசைக் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் சீட் பண்ணவில்லை. சீட் பண்ணியது நான்.